ஏஆர்-15 ரைஃபிளில் அப்பரும் லோயரும் ஆடுகிறதா? அதிகச் செலவில்லாமல் சரிசெய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஆர்-15 வகை ரைஃபிளின் உடல் இரண்டு பாதிகளால் ஆனது. குழல், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட், ஸ்கோப் எல்லாம் மேல் பாதியில். விசை, மேகசின், பின்கட்டை எல்லாம் கீழ்ப் பாதியில். மேல் பாதியை அப்பர் என்றும் கீழ்ப் பாதியை லோயர் என்றும்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது முன்னால் ஒரு ஆணி, பின்னால் ஒரு ஆணி, அவ்வளவுதான். அந்த இணைப்பு தொளதொளவென்று இருப்பதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

துப்பாக்கி புதுசு. கையில் எடுத்து ஆட்டினால் கடகடவென்கிறது. இது குறைபாடா?

பெரும்பாலும் இல்லை. யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் இதை வடிவமைத்தது 1950களின் பிற்பகுதியில். 1959-ல் உரிமை கோல்ட் நிறுவனத்துக்குப் போனது. படைகளில் பயன்படுத்தும் ஆயுதத்தில் எந்த அப்பரும் எந்த லோயரிலும் உட்கார வேண்டும், கருவி எதுவும் இல்லாமல் ஆணியை விரலால் தள்ளிப் பிரிக்கவும் முடிய வேண்டும். அதற்கு ஓரளவு இடைவெளி விட்டுத்தான் ஆக வேண்டும். இன்று எத்தனையோ தொழிற்சாலைகள் இந்தப் பாகங்களைச் செய்கின்றன. ஒருவருடைய அப்பர் அளவு வரம்பின் சின்ன ஓரத்திலும், இன்னொருவருடைய லோயர் பெரிய ஓரத்திலும் அமைந்துவிட்டால், இரண்டுமே சரியான பாகங்களாக இருந்தும் ஆட்டம் இருக்கும்.

இந்த ஆட்டத்தால் குறி தவறுமா?

இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தோட்டா எங்கே போகிறது என்பதைத் தீர்மானிக்கும் பாகங்கள் கிட்டத்தட்ட எல்லாமே அப்பரில் இருக்கின்றன. குழல் பேரல் நட்டால் அப்பரோடு இறுக்கப்பட்டிருக்கிறது. போல்ட் திரும்பிப் பூட்டிக்கொள்வது குழலின் பின்முனையில் உள்ள பேரல் எக்ஸ்டென்ஷனுக்குள். ஸ்கோப்போ இரும்புக் குறியோ அப்பரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் லோயர் கொஞ்சம் ஆடினாலும் ஸ்கோப்புக்கும் குழலுக்கும் உள்ள உறவு மாறுவதில்லை. ஆட்டம் உள்ள துப்பாக்கிகள் மிக நெருக்கமான குரூப் (ஒரே இலக்கில் அடுத்தடுத்துச் சுட்ட துளைகளின் கூட்டம்) போடுவதும், கல் போல இறுக்கமானவை சிதறடிப்பதும் சகஜம்.

ஆனால் முழுக்க ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் கன்னமும் தோளும் விசைவிரலும் தொடுவது லோயரை. ஸ்கோப் இருப்பது அப்பரில். ஒவ்வொரு தடவையும் கட்டையில் கன்னத்தை வைத்து அழுத்தும்போது இரண்டு பாதிகளும் கொஞ்சம் வேறு கோணத்தில் நின்றால், ஸ்கோப்புக்குப் பின்னால் கண் நிற்கும் இடம் மாறும். பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோலத் தெரிவது, சரிசெய்யாத ஸ்கோப்பில் அது இலக்கில் தெரியக்கூடும். விசையை இழுக்கும்போது லோயர் மட்டும் நகர்வதைக் கையில் உணர்பவர்களுக்கு மனதிலும் ஒரு உறுத்தல் இருக்கும். தூரத்து இலக்குப் போட்டியில் சுடுபவர்கள் இதைச் சரிசெய்ய நினைப்பதில் நியாயம் உண்டு. மற்றவர்களுக்கு இது சத்தமும் உறுத்தலும்தான்.

ஆபத்து ஏதாவது உண்டா? ஹெட்ஸ்பேஸ் கெட்டுப்போகுமா?

கெடாது. ஹெட்ஸ்பேஸ் என்பது போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உட்காரும் சேம்பருக்கும் உள்ள உறவு. இரண்டும் அப்பருக்குள்ளேயே பூட்டிக்கொள்கின்றன. சுடும்போது எழும் அழுத்தத்தைத் தாங்குவதும் போல்ட்டின் பற்களும் பேரல் எக்ஸ்டென்ஷனும்தான். லோயருக்கு அதில் பங்கில்லை.

சத்தம் உண்மையிலேயே அங்கிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் மேகசினை எடுங்கள். போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பிடித்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். கீழே சொல்லும் எந்த வேலைக்கும் இதுதான் முதல் படி. தோட்டாக்கள் அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது.

அப்புறம் ஒரு கையால் மேகசின் குழியைச் சுற்றிப் பிடியுங்கள், மறு கையால் அப்பரைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டுங்கள். பின் ஆணிக்கு மேலே இரண்டு பாதிகளும் சந்திக்கும் கோட்டில் கண்ணை வையுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் சரி, நாம் பேசும் விஷயம் அதுதான். தெரியவில்லை என்றால் வேறெங்காவது தேடுங்கள். நீட்டிச் சுருக்கும் பின்கட்டை, லோயரின் பின்னால் நீட்டியிருக்கும் பஃபர் குழாயின் மேல் ஆடுவதை அப்பர் ஆட்டம் என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம். குழலைச் சுற்றியுள்ள ஹேண்ட்கார்டு, வார் மாட்டும் வளையம், கைப்பிடியான கிரிப்பின் திருகு இவையும் சத்தம் போடும்.

எளிதாகவும் மலிவாகவும் செய்யக்கூடியது எது?

பின்பக்கக் குழியில் மென்மையான ஆப்பு வைப்பது. அப்பரின் பின்முனையில் கீழ்நோக்கி ஒரு காது இருக்கிறது. லோயரில் அதற்கான குழிக்குள் அது இறங்க, குறுக்கே பின் ஆணி போகிறது. அந்தக் குழியின் அடியில் நெகிழ்வான ஒரு துண்டை வைத்தால், மூடும்போது அது நசுங்கி, காதை மேல்நோக்கித் தள்ளி, ஆணி ஓட்டையின் ஒரு பக்கத்தோடு ஒட்டி நிற்க வைக்கும். ஆட்டம் அடங்கிவிடும்.

இதற்கென்றே விற்கும் அக்யூ-வெட்ஜ் என்ற சிவப்புத் துண்டு பல காலமாகக் கிடைக்கிறது. பெரும்பாலான துப்பாக்கிகளில் அது அப்படியே பொருந்தாது, கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். கூர்மையான பிளேடால் மெல்லிய சீவல் சீவலாக வெட்டிக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் மூடிப் பாருங்கள். அவசரப்பட்டு ஒரே வெட்டாக வெட்டினால் துண்டு வீண். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்றால், கட்டைவிரலால் அப்பரைச் சற்று அழுத்திக்கொண்டு ஆணியை விரலாலேயே தள்ள முடிய வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் இன்னும் சீவ வேண்டும்.

எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது. உலோகத்தைத் தொடுவதில்லை. பிடிக்கவில்லை என்றால் எடுத்துப் போட்டுவிடலாம், துப்பாக்கி பழையபடியே இருக்கும்.

ஓ-ரிங் போடுகிறார்களே, அது எப்படி?

அப்பரின் முன்பக்கக் காதைச் சுற்றி ஒரு சின்ன ரப்பர் ஓ-ரிங்கை மாட்டிவிட்டு, வழக்கம்போல முன் ஆணியைப் போட்டு மூடுவார்கள். ரிங் இரண்டு பாதிகளுக்கும் நடுவே நசுங்கி விறைப்புக் கொடுக்கும். குழாய் வேலைக்கு விற்கும் கலப்பு ஓ-ரிங் டப்பாவிலேயே பொருந்துகிற ஒன்று இருக்கும். மெல்லியதிலிருந்து தொடங்குங்கள். தடித்ததைப் போட்டுவிட்டால் முன் ஆணி நுழையவே நுழையாது.

ரப்பரின் வகையைக் கவனியுங்கள். இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்து, பிசுபிசுத்துப் போகும். துப்பாக்கி என்றாலே எண்ணெய்தான். எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பராகப் பார்த்து வாங்குங்கள். ஆட்டம் முன்னாலா பின்னாலா என்று பார்த்து, அதிகமாக இருக்கும் பக்கத்தில் மட்டும் வைத்தாலே பலருக்குப் போதும்.

வீட்டில் இருப்பதை வைத்தே சமாளிக்க முடியாதா? காதுக்கு வைக்கும் பஞ்சு, டேப், பிளாஸ்டிக் அட்டை?

முடியும், சிலது பரவாயில்லை, சிலது வேண்டாம். காதடைப்பானாகப் பயன்படும் ஃபோம் துண்டை வெட்டிப் பின்குழியில் வைப்பது பழைய உத்தி. வேலை செய்யும். ஆனால் சுத்தம் செய்யும் திரவம் பட்டால் சீக்கிரம் நொறுங்கும்; ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பார்த்து மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் அட்டையிலிருந்து ஒரு சின்னப் பட்டை வெட்டிக் குழியின் அடியில் வைப்பதும் சரிதான், நகராமல் இருக்கும்வரை.

காகிதமோ காகித அட்டையோ வேண்டாம். ஈரத்தை உறிஞ்சிப் பாகத்தோடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். உலோகத் தகட்டையும் தவிர்க்கச் சொல்வேன். கூரான ஓரம் ரிசீவரின் (அப்பர், லோயர் இரண்டின் உடலுக்கும் அந்தப் பெயர்தான்) மேல்பூச்சைச் சுரண்டும். டேப்பின் பசை சூட்டில் இளகி, துண்டு இடம் மாறும்.

எதை வைத்தாலும் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: அது உடைந்து விசைப் பகுதிக்குள் போகக் கூடாது. பின்குழிக்கு முன்னால்தான் சேஃப்டியும், சுடும் ஊசியை அடிக்கும் ஹேமரும், விசையும் இருக்கின்றன. ஒரு சின்னத் துணுக்கு அங்கே மாட்டிக்கொண்டால் சேஃப்டி சரியாக விழாமல் போகலாம், ஹேமர் பிடிக்காமல் போகலாம். கடகட சத்தத்தைவிட அது எத்தனையோ மடங்கு மோசம்.

என் லோயரில் பின்குழிக்குள் ஒரு சின்னத் திருகு தெரிகிறது. அது என்ன?

அப்படியென்றால் நீங்கள் எதுவும் வாங்க வேண்டியதே இல்லை. சில நிறுவனங்கள், உதாரணமாக ஏரோ பிரிசிஷன் தன் எம்4இ1 லோயரில், பின் காதுக்கு நேர் கீழே நைலான் முனை உள்ள, தலையில்லாத ஒரு கிரப் ஸ்க்ரூவை வைத்தே அனுப்புகின்றன. அதை ஆலன் கீயால் மேல்நோக்கித் திருகினால் முனை காதை அழுத்தி ஆட்டத்தை எடுத்துவிடும். துப்பாக்கியைத் திறந்து வைத்து, கால் சுற்றுத் திருகி, மூடிப் பார்த்து, இன்னும் கால் சுற்று, இப்படிப் போங்கள்.

கிரிப்பைக் கழற்ற வேண்டி வந்தால் ஒரு எச்சரிக்கை. சேஃப்டியை இடத்தில் பிடித்து வைக்கும் ஸ்பிரிங்கையும் சின்னக் குச்சியையும் அடியிலிருந்து தாங்குவது கிரிப்தான். கழற்றியதும் இரண்டும் கீழே விழும். துப்பாக்கியைத் தலைகீழாக வைத்துக் கழற்றுங்கள், ஸ்பிரிங் வளையாமல் திரும்ப வையுங்கள்.

திருகு இல்லாத லோயரில் நானே ஓட்டை போட்டு மரை வெட்டலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. இடம் குறுகல், கோணம் தவறினால் ரிசீவரே போய்விடும். சில நாடுகளில் ரிசீவரில் இப்படி மாற்றம் செய்யச் சட்டப்படி உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளர்தான் வேண்டும். ஒரு ரப்பர் துண்டு செய்யும் வேலைக்காக இவ்வளவு தூரம் போவதில் அர்த்தமில்லை.

கொஞ்சம் பெரிய ஆணிகள் விற்கிறார்களே?

வழக்கமான ஆணியின் விட்டம் 0.250 அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். அதைவிட மயிரிழை பெரிதாகச் செய்த ஆணிகளும், உள்ளே திருகி விரிய வைக்கும் பின் ஆணிகளும் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் இருக்கிற ஆணியை மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். மலிவான ஆணி அளவில் குறைவாக இருந்தால், சரியான அளவில் சாதாரண ஆணி போட்டாலே பாதி ஆட்டம் போய்விடும். விரியும் ஆணியில் கருவி இல்லாமல் பிரிக்கும் வசதி சிலவற்றில் போய்விடும், அதையும் யோசியுங்கள்.

மாற்றும்போது கவனம் தேவைப்படுவது முன் ஆணிக்குத்தான். அதை முழுவதும் வெளியே இழுத்தவுடன் அதைப் பிடித்திருக்கும் டிடென்ட் என்ற சின்னக் குச்சி ஸ்பிரிங்கின் உந்துதலால் அம்பு போலப் பாயும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டு வேலை செய்தால் பறந்தாலும் பைக்குள்ளேயே இருக்கும். பின் ஆணியின் ஸ்பிரிங்கை ரிசீவரின் பின்தகடு பிடித்திருக்கிறது. அதை எடுக்கப் பஃபர் குழாயின் நட்டைத் தளர்த்த வேண்டும்.

முன்பக்கம் மட்டும் படு மோசமாக ஆடுகிறது, மில்லிமீட்டர் கணக்கில். அப்பர் பழைய கோல்ட்.

இது தேய்மானம் இல்லை, பொருத்தமில்லாத ஜோடி. கோல்ட் ஒரு காலத்தில் பொதுமக்களுக்கு விற்ற ரைஃபிள்களில் முன் ஆணியின் ஓட்டையை 0.315 அங்குலமாகப் பெரிதாக வைத்தது; அதில் இரண்டு பக்கமும் தலை உள்ள திருகு வரும். அந்த அப்பரை வழக்கமான லோயரில் 0.250 ஆணியோடு மாட்டினால் ஓட்டைக்கும் ஆணிக்கும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். ரப்பரால் இதை மூடப் பார்க்காதீர்கள். இதற்கென்றே அடாப்டர் ஆணியும் புஷ்ஷும் விற்கிறார்கள், விலையும் அதிகமில்லை. அதைப் போடுவதுதான் முறை.

.308 அளவு துப்பாக்கியிலும் இதே வழிகள் செல்லுமா?

ஆப்பும் ஓ-ரிங்கும் தத்துவத்தில் அதேதான், அளவு மட்டும் மாறும். ஆனால் முதலில் ஜோடி சரியா என்று பாருங்கள். ஏஆர்-15க்கு இருக்கும் பொது அளவு அந்தப் பெரிய வகைக்கு இல்லை. டிபிஎம்எஸ் நிறுவனத்தின் வழியில் செய்தவற்றில் ரிசீவரின் பின்பகுதி வளைவாக வெட்டப்பட்டிருக்கும், ஆர்மலைட் வழியில் சாய்வான நேர்கோடு. ஒன்றின் அப்பரை மற்றதன் லோயரில் மாட்டினால் வரும் இடைவெளிக்கு இந்தப் பக்கத்தில் மருந்து இல்லை.

எபாக்ஸி ஊற்றி அச்சுப் பிடிப்பது நல்லதா?

நன்றாகச் செய்தால் எல்லாவற்றையும்விட உறுதியானது அதுதான். லோயரின் பின்குழியில் உலோகத்தூள் கலந்த எபாக்ஸியை மெல்லியதாக இட்டு, அப்பரின் காதில் ஒட்டாமல் இருக்க மெழுகு பாலிஷை இரண்டு பூச்சு பூசி, ஆணி ஓட்டைகளை மாடலிங் களிமண்ணால் அடைத்து, மூடி, இறுக விடுவார்கள். பிறகு திறந்தால் காதின் வடிவத்திலேயே ஒரு படுக்கை கிடைக்கும்.

ஆனால் மெழுகு ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் இரண்டு பாதிகளும் ஒரே கட்டியாகிவிடும். எபாக்ஸி சேஃப்டிப் பக்கம் வழிந்தாலும் தொல்லை. தவிர, அந்த லோயர் அதன்பின் அந்த ஒரு அப்பருக்கு மட்டும்தான் சொந்தம். அப்பரை மாற்றி மாற்றிப் போடுபவர்களுக்கு இது ஏற்றதல்ல. ஒரே ரைஃபிளை வைத்துப் போட்டிக்குச் சுடுபவருக்கு, கை பழகியவரின் உதவியோடு, செய்யத் தகுந்தது.

காதைத் தட்டியோ நெரித்தோ இறுக்கக் கூடாதா?

கூடவே கூடாது. ரிசீவர்கள் பொதுவாக 7075-டி6 அலுமினியக் கலவையில் ஆனவை. உறுதியான உலோகம், ஆனால் வளைத்தால் எஃகு மாதிரி இணங்கிப் போகாது, விரிசல் விடும். மேலே இருக்கும் கடின அனோடைசிங் பூச்சு ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தடிமன். அரத்தால் தேய்த்தாலோ சுத்தியலால் தட்டினாலோ அது போய், அடியில் இருக்கும் மென்மையான அலுமினியம் வெளியே வரும். அப்புறம் தேய்மானம் வேகமாகும், ஆட்டம் முன்பைவிட அதிகமாகும்.

ரொம்ப இறுக்கிவிட்டால் என்ன ஆகும்?

ஆணி எடுக்க வராது என்பது சின்னப் பிரச்சினை. பெரியது வேறு. சுட்டதும் போல்ட் கேரியர் அப்பரிலிருந்து பின்னோக்கிப் போய் லோயரில் பொருத்தியிருக்கும் பஃபர் குழாய்க்குள் நுழைகிறது. அப்பரின் பின்முனையை அளவுக்கு மீறி மேலே தூக்கிவிட்டால் இரண்டு துளைகளும் நேர்கோட்டில் இல்லாமல் போய், கேரியர் குழாயின் வாயில் உரசும். ஆப்பு வைத்த பிறகு, போல்ட்டைப் பின்னால் இழுக்கும் சார்ஜிங் ஹேண்டிலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். முன்பு இல்லாத உரசலோ தடங்கலோ தெரிந்தால், அல்லது குழாயின் வாயில் புதுசாகக் கீறல் பளபளத்தால், ஆப்பைக் குறையுங்கள்.

வேலை முடிந்தது. சுடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

தோட்டா இல்லை என்பதை மறுபடி உறுதிசெய்துகொண்டு, ஹேண்டிலை இழுத்து விட்டு சேஃப்டியைப் போடுங்கள். விசையை அழுத்தினால் ஹேமர் விழக் கூடாது. சேஃப்டியை எடுத்துவிட்டு அழுத்தினால் விழ வேண்டும். விசையை விடாமல் அழுத்திப் பிடித்தபடியே மறுபடி ஹேண்டிலை இழுத்து விடுங்கள். ஹேமர் பிடித்து நிற்க வேண்டும். பிறகு விசையை மெதுவாக விட்டால் ஒரு 'டிக்' கேட்கும், அடுத்த அழுத்தலுக்கு ஹேமர் விழும். இதில் ஏதாவது ஒன்று மாறி நடந்தால் வைத்ததை வெளியே எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் துப்பாக்கிப் பணியாளரிடம் காட்டும்வரை அதைச் சுடாதீர்கள்.

ஆப்பு வைத்ததால் குரூப் உண்மையிலேயே நெருங்கியதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரே தோட்டா, ஒரே மணல் மூட்டைத் தாங்கல், ஒரே நாள். ஆப்போடு ஐந்து, இல்லாமல் ஐந்து என்று மாற்றி மாற்றிப் பல குரூப்கள் சுடுங்கள். முதலில் இல்லாமல் எல்லாவற்றையும் சுட்டுவிட்டு பிறகு வைத்துச் சுட்டால், குழல் சூடானதும் நீங்கள் களைத்ததும் கணக்கில் கலந்துவிடும். ஒரே ஒரு நல்ல குரூப்பைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

வித்தியாசம் தெரியவில்லை, சிதறலும் குறையவில்லை என்றால் வேறு இடங்களைப் பாருங்கள். ஸ்கோப் மவுன்ட்டின் திருகுகள் முதலில். அடுத்தது பேரல் நட். அதன் முறுக்கு 30 முதல் 80 அடி-பவுண்டுக்குள் இருக்க வேண்டும். அப்புறம் வேறு தோட்டா வகை ஒன்றைப் போட்டுச் சுட்டுப் பாருங்கள். ஆட்டத்தின் மேல் பழி போட்ட பல துப்பாக்கிகளில் குற்றவாளி இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

வைத்த துண்டை எப்போது மாற்ற வேண்டும்?

சுத்தம் செய்யத் திறக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பாருங்கள். ஓரம் கிழிந்திருந்தாலோ, பருத்திருந்தாலோ, விரலால் அழுத்தினால் திரும்ப எழும்பாமல் தட்டையாகவே நின்றாலோ, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வையுங்கள். கரைப்பான் திரவத்தைப் பயன்படுத்துவதற்கு முன்பே துண்டை வெளியே எடுத்து வைத்துவிட்டால் நிறைய நாள் வரும்.